பணியுலகும் செயற்கை நுண்ணறிவும்

நுழையும்முன்

ஒரு தொழிலைக் கற்றவர் அத்தொழிலிலேயே தம் வாழ்நாளைக் கழித்த காலம் ஒன்று இருந்தது. இன்றோ, ஒருவர் கற்கும் தொழில் அவர் கற்று முடிப்பதற்குள்ளேயே உருமாறிவிடக்கூடும். எழுதுதல், மொழிபெயர்த்தல், கணக்கிடுதல், நோய்க்குறி காணுதல் எனப் படித்தவர்களின் பணிகளுக்குள்ளும் பொறிகள் புகுந்துள்ளன. மேனிலைக் கல்வியை முடித்து உயர்கல்வியைத் தேர்ந்தெடுக்கவிருக்கும் மாணவர், இம்மாற்றத்தின் இயல்பை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

அச்சுக்கூடம் தரும் பாடம்

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்புவரை தமிழ் நூல்கள் பெரும்பாலும் ஈய எழுத்துகளைக் கோத்தே அச்சிடப்பட்டன. அச்சுக்கோப்பவரின் முன்னே, சிறுசிறு அறைகளாகப் பகுக்கப்பட்ட மரத்தட்டு சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறை உண்டு. கையெழுத்துப் படியைக் கண் நோக்கிக்கொண்டிருக்க, கை தானாகவே உரிய அறைக்குச் சென்று எழுத்தை எடுத்துக் கோக்கும். ஈய எழுத்துகள் இடவலமாக மாற்றி வார்க்கப்பட்டவை. ஆதலால், கண்ணாடியில் தெரியும் எழுத்தைப் படிப்பதுபோல் அவற்றைப் படிக்கவும் அவர் பழகியிருக்க வேண்டும். இத்திறன் கைவரப் பல ஆண்டுக்காலப் பயிற்சி தேவைப்பட்டது.

1980களின் இறுதியிலும் 1990களிலும் கணினி அச்சுக்கோப்பு பரவியபோது, விரல்கள் கற்றிருந்த அத்திறனுக்குத் தேவை இல்லாமற் போயிற்று. எனினும், அவர் பெற்றிருந்த திறன்கள் அனைத்தும் பயனற்றுப் போய்விடவில்லை. பிழையைச் சட்டென்று காணும் கண், சொல்லை எங்கே பிரிப்பது என்னும் மொழியறிவு, பக்கத்தை அழகுற அமைக்கும் உணர்வு ஆகியவை கணினிக்கும் வேண்டியிருந்தன. விசைப்பலகையைக் கற்றுக்கொண்ட அச்சுக்கோப்பாளர் சிலர் முன்னினும் சிறந்து பணியாற்றினர். கற்கும் வாய்ப்பும் வயதும் அமையாத பலர் அச்சுக்கூடத்தை விட்டு வெளியேறினர்.

புதிய பொறி ஒன்று வரும்போதெல்லாம் மூன்று வினாக்கள் எழுகின்றன. தொழிலின் எந்தக் கூறு நீங்கும்? எந்தக் கூறு நிலைக்கும்? மாற்றத்தின் சுமையை யார் தாங்குவது? செயற்கை நுண்ணறிவு குறித்த இன்றைய உரையாடல்களும் இம்மூன்று வினாக்களையே சுற்றி வருகின்றன.

தறியும் துளையட்டையும்

1811ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் பின்னல் தொழிலாளர்கள் இரவு நேரங்களில் ஒன்றுகூடிப் பின்னல் பொறிகளை உடைத்தனர். ‘லுட்டைட்டுகள்’ என்று அழைக்கப்பட்ட இவர்களைப் புதுமையை வெறுத்தவர்களாகவே பலர் எண்ணுகின்றனர். உண்மையில், அவர்களுள் பெரும்பாலோர் பொறிகளை இயக்குவதில் தேர்ந்தவர்கள். தரங்குறைந்த துணியை மலிவாக உற்பத்தி செய்வதும், முறையான பயிற்சி பெறாதவரைக் குறைந்த கூலிக்கு அமர்த்துவதும், கூலியைக் குறைப்பதுமே அவர்களின் சினத்துக்குக் காரணங்கள். 1812இல் பொறிகளை உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் அங்கே இயற்றப்பட்டது. அச்சட்ட முன்வரைவை எதிர்த்துப் பிரபுக்கள் அவையில் தம் முதல் உரையை ஆற்றியவர் கவிஞர் பைரன் ஆவார்.

அதே காலத்தில், பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் 1804இல் புதியதொரு தறி அமைப்பை உருவாக்கியிருந்தார். துளையிட்ட அட்டைகளின் வரிசையே அத்தறியில் எந்த இழை மேலெழ வேண்டும் என்பதை முடிவு செய்தது. பின்னாளில் சார்லசு பாபேஜ், தாம் வடிவமைத்த கணிப்பொறிக்கு அத்துளையட்டை முறையையே பயன்படுத்த எண்ணினார். அப்பொறி குறித்து 1843இல் விரிவான குறிப்புகளை வெளியிட்ட அடா லவ்லேஸ், மனிதர் கட்டளையிடத் தெரிந்தவற்றை மட்டுமே பொறி செய்யும் என்றும் தானாக எதையும் தோற்றுவிக்காது என்றும் கருதினார். ஆக, கணினியின் முன்னோடிகளுள் ஒன்று நெசவாளரின் தறியே எனலாம்.

கட்டளையிலிருந்து கற்றலுக்கு

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1950இல் ஆலன் டூரிங், பொறிகளால் சிந்திக்க இயலுமா என்னும் வினாவை முன்வைத்துக் கட்டுரை ஒன்றை எழுதினார். 1956இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் நடைபெற்ற அறிஞர் கூட்டத்தை ஒட்டி, ஜான் மெக்கார்த்தி என்பார் வழங்கிய ‘செயற்கை நுண்ணறிவு’ என்னும் பெயர் நிலைபெற்றது.

தொடக்ககாலக் கணினிகள் மனிதர் எழுதித் தந்த விதிகளின்படி இயங்கின. விதியாக எழுத இயலாத செயல்கள் அவற்றுக்கு எட்டாதவையாகவே இருந்தன. பூனையையும் நாயையும் குழந்தை எளிதில் வேறுபடுத்துகிறது. ஆனால், எவ்வாறு வேறுபடுத்துகிறது என்பதை விதியாக எழுதித் தருவது கடினம். இயந்திரக் கற்றல் என்னும் முறை இத்தடையைக் கடந்தது. இலட்சக்கணக்கான எடுத்துக்காட்டுகளைக் காட்டினால், அவற்றின் பொதுமையைப் பொறியே கண்டறிந்துகொள்ளும். 1997இல் சதுரங்க வாகையர் காஸ்பரோவை ‘டீப் புளூ’ கணினி வென்றது. 2016இல் ‘கோ’ விளையாட்டின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவரான லீ சிடாலை ‘ஆல்பாகோ’ ஐந்து ஆட்டங்களுள் நான்கில் வென்றது. முன்னதில் கணக்கிடும் விரைவு மேலோங்கியிருந்தது. பின்னதில் கற்றல் மேலோங்கியிருந்தது.

2017இல் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ‘டிரான்ஸ்பார்மர்’ என்னும் புதிய அமைப்பை வெளியிட்டனர். தொடரிலுள்ள ஒவ்வொரு சொல்லும் பிற சொற்களோடு கொண்டுள்ள உறவைக் கணக்கிட்டு, அடுத்து வரத்தக்க சொல்லை முன்கணிக்க அது வழிவகுத்தது. 2022 நவம்பர் 30 அன்று வெளியான ‘சாட்ஜிபிடி’ இவ்வமைப்பை அடிப்படையாகக் கொண்டதே. அதுவரை பொறிகளைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளர்களுக்கே உரியதாக இருந்தது. அன்றுமுதல் எழுதுவோர், மொழிபெயர்ப்போர், நிரல் எழுதுவோர், வரைவோர் ஆகியோரும் தம் பணியின் எதிர்காலத்தை எண்ணிப் பார்க்கலாயினர்.

தொழிலும் அதன் கூறுகளும்

ஒரு தொழில் என்பது பல பணிக்கூறுகளின் தொகுப்பு. பொறி பெரும்பாலும் தொழிலை முழுமையாக எடுத்துக்கொள்வதில்லை. அதன் சில கூறுகளையே எடுத்துக்கொள்கிறது. இந்திய வங்கிகளின் வரலாறு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

வங்கிக் கிளைகளில் முன்பு பெரிய பேரேடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வரவையும் செலவையும் எழுத்தர் கையால் பதிவார். நாள் முடிவில் கணக்கு ஒத்துவரும்வரை எவரும் வீடு திரும்ப இயலாது. வட்டி கணக்கிடும் காலத்தில் பணி இரவு வரை நீளும். 1980களில் கணினியைப் புகுத்தும் முயற்சி தொடங்கியபோது, வேலை பறிபோகும் என்று ஊழியர்கள் அஞ்சினர்; எதிர்ப்புகளும் எழுந்தன. எந்தெந்த எந்திரங்கள், எந்த அளவில் என்பன குறித்து 1983இல் வங்கி நிருவாகங்களும் தொழிற்சங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் கணினிமயமாக்கலுக்கான பரிந்துரைகளை வழங்கியது. மாற்றம் பேச்சுவார்த்தையின் துணையோடு படிப்படியாக நிகழ்ந்தது.

பேரேட்டில் பதிவதும் கூட்டுவதும் எழுத்தரின் கையைவிட்டு நீங்கின. வாடிக்கையாளருக்கு வழிகாட்டுதல், கடன் கோருபவரின் நிலையை ஆராய்தல், ஐயங்களைத் தீர்த்தல் ஆகிய கூறுகள் விரிவடைந்தன. அழகிய கையெழுத்தும் மனக்கணக்கும் கொண்டிருந்த எழுத்தர், அவற்றால் பெற்றிருந்த மதிப்பை இழந்தார் என்பதும் உண்மை. பணி நிலைத்தாலும் பணிபுரிபவரின் பெருமிதத்துக்குக் காரணமான கூறு நீங்கிவிடுவது, எண்களில் அடங்காத இழப்பாகும்.

இன்றைய நிலையும் இதனோடு ஒத்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்தர் பணிகளே ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவின் தாக்கத்துக்கு மிகுதியும் உட்படுபவை என்று கண்டது. அப்பணிக்கூறுகளுள் 24 விழுக்காடு மிகுந்த தாக்கத்துக்கு உட்படக்கூடியவை. எனினும், பெரும்பாலான தொழில்கள் முற்றாக அழிவதைவிட, அவற்றுக்குப் பொறி துணையாக அமைவதே மிகுதியாக நிகழக்கூடும் என்பதும் அவ்வாய்வின் முடிவு.

விழித்திரையைப் படிக்கும் பொறி

நீரிழிவு நோய், விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சிதைக்கக்கூடியது. தொடக்கத்தில் வலியோ பார்வைக் குறையோ தோன்றுவதில்லை. நோயாளி உணரும்போது பார்வையின் ஒரு பகுதி மீளாமற் போயிருக்கும். உரிய காலத்தில் விழித்திரையைப் படமெடுத்து ஆராய்ந்தால் பார்வையிழப்பைப் பெரும்பாலும் தடுக்கலாம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள். இத்தனை பேரின் விழித்திரையையும் ஆண்டுதோறும் ஆராயும் அளவுக்குக் கண் மருத்துவர்கள் இல்லை.

இக்குறையைப் போக்கும் நோக்குடன் கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் பங்களிப்பும் இருந்தது. 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு பொறி பயிற்றுவிக்கப்பட்டது. அப்படங்களைத் தரம்பிரித்து அளித்தவர்கள் 54 கண் மருத்துவ வல்லுநர்கள். ஒரே படத்தை மூவர் முதல் எழுவர் வரை ஆராய்ந்தனர். பயிற்சி பெற்ற பொறி, நோய் அறிகுறிகளைக் கண் மருத்துவர்களுக்கு நிகராகக் கண்டறிந்தது. பொறியின் திறன் எனப்படுவது அந்த மருத்துவர்களின் உழைப்பையும் பல்லாண்டுப் பட்டறிவையும் உட்கொண்டு உருவானது என்பதை மறந்துவிடலாகாது.

ஆய்வகத்தில் வென்ற பொறி, நடைமுறையில் வேறு சிக்கல்களைச் சந்தித்தது. தாய்லாந்து நாட்டின் மருத்துவ நிலையங்களில் இதனைப் பயன்படுத்தியபோது, எடுக்கப்பட்ட படங்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினைத் தெளிவில்லை எனப் பொறி ஏற்க மறுத்தது. போதிய இருளற்ற அறையில் படம் எடுக்கப்பட்டதும் இணைய வேகம் குன்றியதும் இடர்ப்பாடுகளாயின. வேலைக்கு விடுப்பெடுத்து வந்த நோயாளிக்கு, மீண்டும் ஒருநாள் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுமாறு சொல்ல வேண்டிய பொறுப்பு அங்கிருந்த செவிலியருடையதாயிற்று. படத்தைப் படிப்பது பொறியின் பணியாகலாம். நோயாளியின் நிலையறிந்து வழிகாட்டுவது மனிதரின் பணியாகவே நின்றது.

தெரிந்து தெளிவோம்

செயற்கை நரம்பு வலையமைப்பு ஆய்வின் முன்னோடியான ஜெப்ரி ஹிண்டன், ஊடுகதிர்ப் படங்களை ஆராயும் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இனி நிறுத்திவிடலாம் என்று 2016இல் கூறினார். ஐந்து ஆண்டுகளில் பொறி அவர்களை விஞ்சும் என்பது அவரது கணிப்பு. அவ்வாறு நிகழவில்லை. பொறிகளின் பயன்பாடு பெருகியபோதும் அத்துறை மருத்துவர்களுக்கான தேவை தொடர்கிறது. தாம் மிகப் பொதுப்படையாகப் பேசிவிட்டதாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். ஹிண்டன் 2024ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசை ஜான் ஹாப்பீல்டுடன் பகிர்ந்துகொண்டவர்.

கணிக்கத் தக்கதும் கணிக்க இயலாததும்

துறையைப் படைத்தவரின் கணிப்பே தவறும்போது, மற்றவர் எதனை நம்புவது? அமெரிக்கப் பொருளியல் அறிஞர் பிராங்க் நைட், 1921இல் எழுதிய நூலில் இடர் என்பதையும் உறுதியின்மை என்பதையும் வேறுபடுத்தினார். பகடையை உருட்டினால் எந்த எண் விழும் என்று தெரியாது. ஆயினும் ஒவ்வோர் எண்ணும் விழுவதற்கான வாய்ப்பைக் கணக்கிடலாம். இஃது இடர். பகடைக்கு எத்தனை முகங்கள் என்பதே தெரியாத நிலை உறுதியின்மை ஆகும். இடருக்குக் காப்பீடு செய்துகொள்ளலாம். உறுதியின்மைக்கு அவ்வாறு செய்ய இயலாது.

இன்றைய பணியுலகம் எதிர்கொள்வது பெரிதும் இரண்டாவது வகையே. 1930இல் பொருளியல் அறிஞர் கெயின்சு, தொழில்நுட்பத்தால் விளையும் வேலையின்மை என்னும் புதிய நோய் குறித்து எழுதினார். நூறு ஆண்டுகளில் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தாலே போதும் என்றும் அவர் எதிர்பார்த்தார். செல்வம் பெருகியது, உழைக்கும் நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. உலகப் பொருளாதார மன்றத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை, 2030ஆம் ஆண்டுக்குள் 17 கோடிப் புதிய வேலைகள் தோன்றும் என்றும் 9.2 கோடி வேலைகள் மறையும் என்றும் மதிப்பிடுகிறது. கூட்டிக் கழித்தால் ஆதாயமே. ஆனால், வேலையை இழப்பவரும் புதிய வேலையைப் பெறுபவரும் ஒருவராகவே இருப்பர் என்பதற்கு அந்த எண்களில் உறுதி ஏதுமில்லை.

முதற்படி எங்கே?

இவ்வுறுதியின்மை இளையோரைத் தனிப்பட்ட முறையில் தொடுகிறது. எந்தத் தொழிலிலும் புதியவர் எளிய பணிகளிலிருந்தே தொடங்குவார். இளம் வழக்குரைஞர் பழைய தீர்ப்புகளைத் தேடித் தொகுப்பார். இளம் நிரலாளர் சிறு பிழைகளைத் திருத்துவார். இளம் இதழாளர் செய்திக்குறிப்புகளைச் சுருக்கி எழுதுவார். இப்பணிகளின் ஊதியம் குறைவு. ஆயினும் தொழிலின் நுட்பங்கள் மனத்தில் பதிவது இவற்றின் வழியாகவே. பொறி இன்று மிக எளிதாகச் செய்பவையும் இப்பணிகளே. ஏணியின் முதற்படியை எடுத்துவிட்டால், மேற்படிகள் இருந்தும் ஏறுவதற்கு வழியில்லை. மூத்த வல்லுநர் ஓய்வுபெறும் காலத்தில் அவரிடத்தை நிரப்புவோர் எங்கே பயிற்சி பெற்றிருப்பர் என்பது நிறுவனங்களும் கல்விக்கூடங்களும் விடை காண வேண்டிய வினாவாகும்.

பொறி பிழையற்றதன்று என்பதும் இங்கே கருதத்தக்கது. வரத்தக்க சொல்லை முன்கணிக்கும் பொறிக்கு உண்மை, பொய் என்னும் வேறுபாடு தானாகத் தெரியாது. 2023இல் நியூயார்க் நகர நீதிமன்றம் ஒன்றில் தாக்கல் செய்யப்பட்ட மனுவில், பொறி புனைந்து தந்த தீர்ப்புகள் மேற்கோளாக இடம்பெற்றிருந்தன. அவற்றைச் சரிபார்க்காத வழக்குரைஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. மேலும், இப்பொறிகள் பெரிதும் ஆங்கிலப் பனுவல்களைக் கொண்டே பயிற்றுவிக்கப்பட்டவை. தமிழில் அவை தரும் விடைகளில் வேற்றுமை உருபு பிறழ்வதும், வட்டார வழக்கு திரிவதும், இலக்கியச் செய்திகள் மாறுபடுவதும் உண்டு. இப்பிழைகளைக் காண மொழியைப் பிழையறக் கற்றவர் வேண்டும். எளிய பணிகளைத் தாமே செய்து பழகியவருக்கே பொறியின் பிழை புலப்படும்.

திறன்பேசியின் ஆணைக்கு உட்பட்டோர்

நகரத் தெருக்களில் உணவுப்பையைச் சுமந்து விரையும் இருசக்கர வாகன ஓட்டிகளைக் காண்கிறோம். அவர்களுக்கு மேலாளர் என்று எவரும் நேரில் இல்லை. எந்த உணவகத்துக்குச் செல்வது, எத்தனை நிமிடங்களில் சேர்ப்பது, எவ்வளவு ஊதியம் என்பவற்றைச் செயலியின் உள்ளே இயங்கும் நிரலே முடிவு செய்கிறது. வாடிக்கையாளர் அளிக்கும் விண்மீன் குறிகள் மறுநாள் வாய்ப்பைப் பாதிக்கின்றன. மழையினால் நேர்ந்த தாமதத்தை எடுத்துரைக்க விரும்பினாலும், செவிகொடுத்துக் கேட்கும் மனிதரை அடைவது அரிது. நாளைய வருமானம் எவ்வளவு என்பது இன்று தெரியாத நிலையே இவர்களின் அன்றாடம்.

நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020–21இல் இந்தியாவில் இத்தகைய தொழிலாளர்கள் 77 இலட்சம் பேர் என்றும், 2029–30இல் 2.35 கோடியாகப் பெருகுவர் என்றும் மதிப்பிட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களைத் தனிப் பிரிவினராக வரையறுத்தது. 2023இல் இராசத்தான் மாநிலம் இவர்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு இணையம் சார்ந்த தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைத்தது. பொறியின் முடிவுக்குப் பின்னே பொறுப்பேற்கும் மனிதரும் சட்டமும் இருக்க வேண்டும் என்னும் கருத்து மெல்ல வேரூன்றி வருவதை இவை காட்டுகின்றன.

எழுத்தாளர் கண்ட வழி

2023 மே மாதத்தில் அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதியக் கோரிக்கைகளோடு செயற்கை நுண்ணறிவு குறித்த கோரிக்கையும் அதில் இடம்பெற்றது. பொறியைத் தடைசெய்ய வேண்டும் என்று அவர்கள் கோரவில்லை. அதன் பயன்பாட்டுக்கு வரம்பு வேண்டும் என்றனர். 148 நாள்களுக்குப் பின் உடன்பாடு ஏற்பட்டது. பொறியை எழுத்தாளராகக் கருதக்கூடாது. பொறி உருவாக்கிய பகுதியைத் திருத்தக் கொடுத்தால் அதனை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். பொறியைப் பயன்படுத்துமாறு எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பன ஏற்கப்பட்டன. நாட்டிங்காம் தொழிலாளர்களுக்குத் தூக்குமரமே விடையாகக் காட்டப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்கள், பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்து விதிகளை வகுத்துக்கொண்டனர்.

மாணவர் முன்னுள்ள வழி

எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தால் வேலை உறுதி என்னும் வினாவுக்கு எவராலும் ஐயமற்ற விடை தர இயலாது. எனினும், அச்சுக்கூடமும் வங்கியும் கண் மருத்துவமனையும் சில உண்மைகளை உணர்த்துகின்றன. ஒரு துறையின் அடிப்படைகளை ஆழக் கற்றவர், கருவி மாறும்போது புதியதை விரைந்து கற்கிறார். பொறி தரும் விடையை ஐயுற்று, சரிபார்த்து, தம் பெயரால் பொறுப்பேற்கக் கூடியவருக்குத் தேவை குறைவதில்லை. பிறர் நிலையறிந்து பேசும் பண்பும் மொழியைத் தெளிவாகக் கையாளும் திறனும் எந்தத் தொழிலுக்கும் துணை நிற்கின்றன.

தனிமனிதரின் முயற்சி மட்டும் போதுமானதன்று. நடுவயதில் வேலையிழந்தவர் மீண்டும் கற்பதற்கான காலமும் பொருளும் வாய்க்கச் செய்வது அரசு, நிறுவனம், சமூகம் ஆகிய மூன்றின் கடமையாகும். விசைப்பலகையைக் கற்கும் வாய்ப்பு அன்று எல்லா அச்சுக்கோப்பாளருக்கும் கிடைத்திருந்தால், ஈய எழுத்துகளோடு அவர்களுள் பலரின் வாழ்வும் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்காது. பொறியின் வருகையைத் தடுப்பது எவர் கையிலும் இல்லாதிருக்கலாம். அதன் சுமையும் பயனும் எவ்வாறு பகிரப்பட வேண்டும் என்பதை முடிவு செய்வது மனிதர் கையில்தான் இருக்கிறது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் அச்சகம், வங்கி, தையலகம், ஒளிப்படக்கூடம் ஆகியவற்றுள் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றியவரைச் சந்தித்து, அவர் தொழிலில் நீங்கிய கூறுகளையும் நிலைத்த கூறுகளையும் பட்டியலிடுக.

2. ‘பொறியின் முடிவுக்கு மனிதரே பொறுப்பு’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. இடர், உறுதியின்மை ஆகியவற்றுக்கு இடையேயுள்ள வேறுபாட்டை உங்கள் வாழ்வியல் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

4. நீங்கள் விரும்பும் தொழில் ஒன்றின் பணிக்கூறுகளை வரிசைப்படுத்தி, அவற்றுள் பொறிக்கு எளியவை எவை, மனிதருக்கே உரியவை எவை எனக் காரணத்துடன் எழுதுக.